பெரிய டயர் போட்டால் மண் தாங்குமா?

இயற்கை உழவர்கள் பலரிடம் இன்றைக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. தரகரை விட்டு விலகி நேரடியாக விற்கத் தொடங்கியவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. விடியற்காலை உழவர் சந்தைக்குக் காய், மதியம் ஆட்டு எரு, சாயங்காலம் கடலைப் புண்ணாக்கு, நடுவில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கன்றுக்குட்டி என்று எல்லாம் அதில்தான். இரண்டு மூன்று வருஷத்தில் டயர் மொட்டையாகிறது. டயர் கடைக்குப் போகிறோம். அங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது: "ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாமுங்களா? காட்டுக்குள்ள போனா சிக்காது, லோடும் தாங்கும்."

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் சேர்த்து ஓடுகிற பிக்கப்புக்குப் பெரிய டயர் வேண்டாம். கம்பெனி குறித்த அளவிலேயே நல்ல டயராகப் போடுங்கள். பெரிய டயருக்குச் செலவாகும் காசை வண்டித்தடத்துக்குக் கிராவல் அடிக்கச் செலவழியுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம். 'பெருசு நல்லது', 'பெருசு வேஸ்ட்டு' என்று டீக்கடையில் பேசிக்கொண்டே இருக்கலாம், கணக்குப் போட்டால்தான் தெளியும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துப் பிக்கப்களில் 215/75 ஆர்15 என்ற அளவைப் பரவலாகக் காணலாம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. இதற்குப் பதிலாகப் பலர் ஆசைப்படும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ. ஆக வித்தியாசம் 30 மி.மீ. இதில் பாதிதான் வண்டியை மேலே தூக்கும், மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். அதாவது நீங்கள் அவ்வளவு காசு கொடுத்து வாங்கும் கூடுதல் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். சுண்டுவிரல் கனம்! வரப்பில் அடிபடும் வண்டி அதற்குப் பிறகும் அடிபடும்.

அந்த 30 மி.மீ.க்கு வேறு பக்கம் விலை கொடுக்கிறோம். சக்கரம் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு நாலு பங்கு அதிக தூரம் போகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கு மேல் ஓடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் இன்ஜின் அதே இன்ஜின், கியரும் அதே கியர். சக்கரம் பெரிதாகும்போது தரையில் கிடைக்கும் இழுவை அதே நாலு பங்கு குறைகிறது. பிரேக்குக்கும் இதே கதைதான். அதே மிதிக்கு முன்னைவிடக் குறைவாகத்தான் வண்டியைப் பிடிக்கும். கியரில் போட்டு இறக்கும்போது இன்ஜின் பிடித்து நிறுத்துகிற தன்மையும் குறையும். சமவெளியில் இது தெரியாது. தாளவாடியிலிருந்து உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு திம்பம் வழியாக 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குகிறவரைக் கேளுங்கள், நாலு பங்கு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது, லோடு தாங்கும் என்ற பேச்சு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பது அதன் உருவத்தில் இல்லை, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணில் இருக்கிறது. 100 என்று இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ, 108 என்றால் 1000 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. கடையில் பளபளவென்று நிற்கும் 235/75 ஆர்15 டயர்கள் பலவும் எஸ்.யூ.வி. கார்களுக்காகச் செய்தவை. அவற்றில் 105 என்று போட்டிருக்கும், அதாவது 925 கிலோ. சரக்கு வண்டிக்கான 8 பிளை 215/75 ஆர்15 எல்.டி. டயரில் 106, அதாவது 950 கிலோ. பார்க்கப் பெரியது, தாங்குவது குறைவு. அதுபோக, கார் டயர் அவ்வளவு காற்றழுத்தத்துக்காகச் செய்ததும் இல்லை. அதில் லோடு வண்டிக் கணக்குக்கு 60 அடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரிம்மையும் மறந்துவிடுகிறார்கள். 235/75 ஆர்15க்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும். 5.5 அங்குல ரிம்மில் அதைத் திணித்தால் நடு பட்டை மட்டும் புடைத்துக்கொண்டு நடுவில் தேயும். லோடு ஏற்றி வளைக்கும்போது மட்கார்டில் உரசும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடக்கும். பஞ்சர் ஆன அன்றைக்குப் பின்பக்கம் ஒரு சக்கரம் பெரியது, ஒன்று சின்னது என்று வீட்டுக்கு வரவேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் இந்த அளவு வித்தியாசம் கியர் பெட்டிக்கே ஆபத்து.

இதெல்லாம் வண்டிக் கணக்கு. இயற்கை உழவராக எனக்கு முக்கியம் அடுத்ததுதான்.

'பெரிய டயர் போட்டா மண்ணு அமுங்காது' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. டயர் மண்ணை எவ்வளவு அழுத்தும் என்பதை முதலில் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தம். 60 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ. டயர் தரையைத் தொடும் இடத்திலும் அழுத்தம் கிட்டத்தட்ட அதேதான். பின் சக்கரம் ஒன்றின்மேல் 1000 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். 1000ஐ 4.2ஆல் வகுத்தால் 240 சதுர சென்டிமீட்டர் சொச்சம் வரும். பதினைந்துக்குப் பதினாறு சென்டிமீட்டர். ஒரு டன் எடையும் அந்தச் சின்ன சதுரத்தின் மேல் நிற்கிறது. 60 கிலோ ஆள் ஒற்றைக்காலில் நின்றால்கூட சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ வராது.

இப்போது பெரிய டயரைப் போடுங்கள். எடை அதே 1000 கிலோ. காற்று அதே 60. வகுத்தால் அதே 240. டயர் அகலமானதால் அந்தச் சதுரம் கொஞ்சம் அகலமாகி, நீளம் குறையும், அவ்வளவுதான். மண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லை. நன்மை வேண்டுமென்றால் காற்றைக் குறைக்க வேண்டும். டிராக்டர் பின் டயர் 12 முதல் 20 பி.எஸ்.ஐ. வரையிலான காற்றில் மெதுவாகப் போவதால்தான் அவ்வளவு எடையோடும் உழவுக்குள் நிற்கிறது. பிக்கப்பில் காற்றைக் குறைத்துத் தோட்டத்துக்குள் போய்விடலாம், சரி. திரும்ப அதே வண்டி லோடோடு தார் ரோட்டில் 60, 70 வேகத்தில் போக வேண்டுமே. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிந்து சூடேறும். சித்திரை வெயிலில் டயர் வெடிக்கிற காரணங்களில் இது முக்கியமானது. தினமும் நாலு டயரிலும் காற்றை இறக்கி, வெளியே வந்ததும் கம்ப்ரஸர் வைத்து ஏற்றுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் பேச்சில்லை. நான் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மேல்மண் அமுங்குவது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்றால், அடிமண் அமுங்குவது அச்சின்மேல் இருக்கும் மொத்த எடையைப் பொறுத்தது. எடை கூடக்கூட அமுக்கம் ஆழமாக இறங்கும். ஒரு முழத்துக்குக் கீழே இறுகிய மண்ணைக் கலப்பை எட்டாது. மண்புழுவும் வேரும்தான் திரும்ப நெகிழ்த்த வேண்டும், அதற்கு வருஷங்கள் ஆகும். கரிசல் மண் கோடையில் வெடித்து, மழையில் ஊறி, தன்னைத்தானே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும். செம்மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பத்து வருஷம் ரசாயனம் போடாமல், மூடாக்குப் போட்டு, பலதானியம் விதைத்து, ஜீவாமிர்தம் ஊற்றி மண்ணைப் பொலபொலவென்று கொண்டுவந்து வைத்திருப்போம். மழை பெய்த மறுநாள் ஒரு லோடு எருவோடு குறுக்கே ஒரு நடை போனால் அந்தத் தடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மஞ்சள் காடாக இருந்தால் தண்ணீர் நிற்கிற இடத்தில் கிழங்கு அழுகும். சந்தேகம் இருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு முழ நீளக் கம்பியை எடுத்து, சக்கரம் போன இடத்திலும் போகாத இடத்திலும் கையால் அழுத்துங்கள். அல்லது இருபுறமும் திறந்த டின் ஒன்றை மண்ணில் இரண்டு விரற்கடை இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டு இடத்திலும் பாருங்கள். இதற்கு மேல் ஒருத்தரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஈரத்தைப் பற்றி ஒரு சொல். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் திரிபோல நீள்கிறது என்றால் அன்றைக்கு எந்த வண்டியும் உள்ளே போகக்கூடாது. பெரிய டயர் இருந்தால் போய்விடலாம் என்பதுதான் அதன் மிகப் பெரிய கெடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்ன டயர் சிக்கும், நாம் நிற்போம். பெரிய டயர், அதிலும் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த சேற்று டயர், சிக்காமல் உழுதுகொண்டே போகும். போகக்கூடாத நாளில் போக வைக்கும். நகரத்து வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வரும் தம்பிகள் சிலர் அந்த மாதிரி டயர் போட்ட வண்டியில் வந்து இறங்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு ஏக்கர் செம்மண்ணில் அதற்கு என்ன வேலை தம்பி?

சரி, அப்புறம் எருவை எப்படித்தான் கொண்டுபோவது? இதுவும் டயர் கேள்வியில் சேர்ந்ததுதான்.

முதலில் தடம். ஒரு இடத்தில் சக்கரம் முதல் நடை போகும்போதே சேதத்தின் பெரும்பங்கு நடந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அதே இடத்தில் போகும் நடைகள் அவ்வளவாகக் கூட்டுவதில்லை. ஆனால் நாம் செய்வது நேர்மாறு. 'ஒரே தடத்துல போனா பள்ளம் விழுந்துரும்' என்று ஒவ்வொரு நடைக்கும் ஒரு புது வழி. கணக்குப் பாருங்கள். 64 மீட்டர் நீளமுள்ள ஒரு ஏக்கர் வயலில், ஒரு நடைக்கு இரண்டு பக்கச் சக்கரமும் சேர்த்து 40 செ.மீ. அகலம் மிதித்தால் சுமார் 26 சதுர மீட்டர். பத்து நடை, பத்து வழி என்றால் ஆறரை சென்ட் இறுகிப்போகிறது, திருப்புகிற இடத்தைச் சேர்க்காமலே. அதற்குப் பதிலாக இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு தடத்தை ஓரமாக ஒதுக்கினால் நாலு சென்ட் போகும். அதைக் கொஞ்சம் மேடாக்கி, கிராவல் அடித்து, ஓரத்தில் வாய்க்கால் எடுத்துவிட்டால் மழைநாளிலும் வண்டி போகும். கொங்கு நாட்டுப் பழைய இட்டேரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வண்டி போகிற இடம் வேறு, வெள்ளாமை நிற்கிற இடம் வேறு என்று நம் பெரியவர்கள் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். அங்கிருந்து உள்ளே கொண்டுபோக ஒற்றைச் சக்கர வண்டியோ, மாடு இருந்தால் டயர் வண்டியோ போதும்.

அடுத்தது, என்ன ஏற்றுகிறோம் என்பது. ஜீவாமிர்தத்தை மாட்டுக் கொட்டகையில் கலக்கி, 200 லிட்டர் டிரம்மில் ஊற்றி, ஐந்து டிரம் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு டன். பாதி நிரம்பிய டிரம்கள் இன்னும் மோசம், வளைவில் உள்ளே தண்ணீர் ஒருபக்கமாக ஓடி வண்டியைத் தள்ளும். ஆனால் ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தத்தில் இருப்பது என்ன? சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டருக்குள், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி மண். மீதி எல்லாம் தண்ணீர். தண்ணீர் தோட்டத்துக் கிணற்றிலேயே இருக்கிறது. பொருள்களை மட்டும் கொண்டுபோய் அங்கே கலக்கினால் ஐந்து ஏக்கருக்கும் சேர்த்து 120 கிலோ சொச்சம்தான். ஒரு டன் வேலை, ஒரு மொபெட் வேலையாகிவிட்டது.

எருவும் அப்படித்தான். பச்சைச் சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர். மக்க வைத்து ஈரம் வற்றிய பிறகு ஏற்றினால் நடை குறையும். கிடை போட வழியுள்ள ஊரில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டால் எருவே நடந்து வந்துவிடும், டயரே வேண்டாம். பலதானிய விதைப்புக்கு ஏக்கருக்கு 20, 25 கிலோ விதை போதும். அது முளைத்து மடங்கி மண்ணாகும் பச்சையை வெளியிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கொட்ட வேண்டுமென்றால் எத்தனை லோடு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெரிய டயர் போட்டு, பின்னால் பட்டையும் இரண்டு கூட்டி, மேலே கூண்டும் அடித்துவிட்டால் வண்டியைப் பார்க்கிறபோதே 'இன்னும் ஏத்தலாம்' என்று தோன்றும். வெறும் டயரின் ஒன்றரை சென்டிமீட்டரில் எந்த வண்டியும் கவிழாது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து பாரத்தை மேலே கொண்டுபோகின்றன. அந்த வண்டியின் பின்னால்தான் காலையில் களையெடுக்க வரும் பெண்களை ஏற்றுகிறோம். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். கூலி ஆட்களோடு சரக்கு வண்டி கவிழ்ந்த செய்தி பேப்பரில் வந்துகொண்டே இருப்பதும் தெரியும். நஞ்சில்லாத சோறு பற்றிப் பேசுகிற நாம், அந்தச் சோற்றுக்குக் களையெடுக்க வருகிறவரை எப்படிக் கூட்டிவருகிறோம் என்பதையும் பேச வேண்டும். ஆட்களுக்கு ஆட்டோவோ வேனோ வையுங்கள், செலவைக் கூலிக் கணக்கில் சேருங்கள், காய் விலையில் வையுங்கள். வாங்குகிறவரிடம் காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. டயரை மாற்றுவதால் வண்டிக்கு அனுமதித்த எடை ஒரு கிலோகூடக் கூடாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து நிற்கும்போது இந்தப் பேச்சு வரும்.

பெரிய டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயலுக்குள் மட்டும் மெதுவாகப் போகிற டிரெய்லருக்கு அகலமான டயரும் குறைந்த காற்றும் நல்லது, மண்ணுக்கு உண்மையாகவே லாபம். மாட்டு வண்டிக்கும் அதேதான். பட்டை இரும்புச் சக்கரம் ஈரத்தில் வெட்டிக்கொண்டு போகிற அளவுக்கு டயர் வண்டி வெட்டாது. பிக்கப்பிலும், கம்பெனியே இரண்டு அளவை அனுமதித்துக் கையேட்டில் போட்டிருந்தால் பெரியதைத் தாராளமாகப் போடலாம், நாலுக்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அளவும் காற்றும் அதில் இருக்கும். எடை தாங்கும் எண் பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் வாங்குங்கள், எல்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. கிடங்கில் மூன்று நாலு வருஷம் கிடந்த டயரைத் தள்ளுபடி விலை என்று தலையில் கட்டுவார்கள், இந்த எண்ணைக் காட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். ரீட்ரேட் போடுவதாக இருந்தால் பின்னால் மட்டும், முன்னால் எப்போதும் புது டயர். பட்டைக்கு நடுவில் இருக்கும் சின்ன மேடு, 1.6 மி.மீ., அதோடு டயர் சமமாகிவிட்டால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் பாருங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். ஒரு காற்றுமானி வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள், விலை சில நூறு ரூபாய்தான்.